மஹல்லாவின் பொருளாதாரமும் மனையடிக் கணக்கும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

    

பள்ளிவாசலுக்குப் பின்புறமுள்ள 20 சென்ட் காலி மனையில் என்ன கட்டுவது என்பது இன்றைய பொதுக்குழுவின் முன் உள்ள கேள்வி. கீழே கடைகளும் மேலே திருமண மண்டபமுமாக ஒரே கட்டடமாக எழுப்பலாம் என்பது ஒரு சாராரின் விருப்பம். சிறு சிறு வீடுகளாகப் படிப்படியாகக் கட்டலாம் என்பது மற்றொரு சாராரின் கருத்து. நான் இரண்டாவது கருத்தின் பக்கம் நிற்பவன். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கவே நிர்வாகம் எனக்கு இந்த வாய்ப்பை அளித்துள்ளது.

வக்ஃபின் அடிப்படையை முதலில் நினைவுகூர்வோம். கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வதென்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து அதன் பலனைத் தருமமாக்கும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அந்த நிலத்தை விற்கலாகாது, அன்பளிப்பாக வழங்கலாகாது, வாரிசுரிமையாகப் பிரிக்கலாகாது. விளைச்சல் மட்டும் ஏழைகளுக்கும் உறவினர்களுக்கும் விருந்தினர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆக, மூலமும் அழியக்கூடாது, பலனும் நின்றுபோகக் கூடாது. நம்மில் பலர் முதல் பாதியைக் காப்பதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். வேலி போட்டுப் பூட்டிய மனை பாதுகாப்பாக இருக்கலாம். ஆனால் அதன் பலனை உண்ண வேண்டிய ஏழை வேலிக்கு வெளியே நிற்கிறான்.

இந்நிலை நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. 2006ஆம் ஆண்டில் வெளியான நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை, இந்தியாவில் பதிவு பெற்ற வக்ஃபு சொத்துகள் 4.9 லட்சம் என்றும், அவற்றின் பரப்பு சுமார் 6 லட்சம் ஏக்கர் என்றும், சந்தை மதிப்பு சுமார் 1.2 லட்சம் கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அவற்றிலிருந்து கிடைத்த ஆண்டு வருமானம் 163 கோடி ரூபாய். அதாவது, ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள சொத்து ஆண்டுக்கு ஒன்றரை ரூபாயைக்கூட ஈட்டவில்லை. பத்து விழுக்காடு ஈட்டினால் ஆண்டுக்கு 12,000 கோடி வரும் என்று அக்குழு சுட்டிக்காட்டியது.

‘அப்படியானால் பெரிதாகக் கட்டி நிறைய ஈட்டுவோமே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரிய கட்டடத்திற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வட்டிக் கடன் நமக்கு ஹராம். ஒரு பேச்சுக்கு அதை ஒதுக்கி வைத்தாலும், 2013ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வக்ஃபு சொத்தை விற்பதும் அடமானம் வைப்பதும் சட்டப்படியே செல்லாது. எனவே எஞ்சியுள்ள வழி, கடை கேட்பவர்களிடம் பெருந்தொகையை முன்பணமாக வாங்கிக் கட்டுவதாகும். பல ஊர்களில் நடந்ததும் இதுவே.

இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இனி நான் கூறும் எண்கள் விளக்கத்திற்காக நானே எடுத்துக்கொண்டவை. 20 கடைகள், கடைக்கு 5 லட்சம் முன்பணம் என்றால் ஒரு கோடி ரூபாய் சேரும். மாதம் 6,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய கடையை, பெரிய முன்பணம் கொடுத்தவர் என்பதற்காக 2,000 ரூபாய்க்கு விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு மாதம் 4,000 வீதம் 20 கடைகளுக்கு 80,000 ரூபாய். ஆண்டுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயை நாம் இழக்கிறோம். ஒரு கோடி ரூபாய்க்கு இது ஏறத்தாழ பத்து விழுக்காடு. வங்கியில் வாங்கினால் வட்டி என்று எழுதுவார்கள். இங்கே யாரும் எழுதுவதில்லை, அவ்வளவே வேறுபாடு. அந்த ஒரு கோடியும் ஒருநாள் திருப்பித் தரவேண்டிய கடன் என்பதையும் மறந்துவிடலாகாது. வாடகையின்றி வீட்டை அனுபவிக்கும் ஒத்தி அல்லது போக்கிய முறையைக் குறித்து உலமாப் பெருமக்கள் பலர் எழுப்பும் ஆட்சேபம், கடனுக்குப் பகரமாகக் கிடைக்கும் ஆதாயம் வட்டியாகிவிடும் என்பதே. முன்பணத்திற்காக வாடகையைக் குறைப்பதற்கும் அது பொருந்துமா என்பதை ஹஜ்ரத் அவர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

முன்பணத்தின் போக்கு என்னவாகும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. உஸ்மானியப் பேரரசின் காலத்தில் இஸ்தான்பூல் நகரில் அடிக்கடி பெருந்தீ மூண்டு வக்ஃபுக் கட்டடங்கள் அழிந்தன. மீண்டும் கட்ட வக்ஃபுகளிடம் பணமில்லை. அப்போது ‘இஜாரதைன்’, அதாவது இரட்டை வாடகை என்னும் முறை பரவியது. கட்டடத்தின் மதிப்பை நெருங்கிய பெருந்தொகையை வாடகைதாரர் முதலிலேயே கொடுப்பார். அதன்பின் ஆண்டுதோறும் மிகச் சிறு தொகையைச் செலுத்துவார். அன்றைய இக்கட்டிலிருந்து அது காப்பாற்றியது உண்மை. ஆயினும் அந்த அனுபோக உரிமை பிள்ளைகளுக்கு இறங்கியது, பிறருக்கும் கைமாறியது. நாளடைவில் வக்ஃபின் கையில் பெயரும் சில்லறையும் எஞ்சின. நம் கடைவீதிகளில் பாட்டனார் பெயரில் பேரன் நடத்தும் வக்ஃபுக் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு இஸ்தான்பூல் நினைவுக்கு வருவதுண்டு. வாடகையை உயர்த்த வேண்டுமென்றால் முகம் சுளிப்போரில் சிலர் முதல் ஸஃப்பில் நிற்பவர்கள் என்பதையும் மனவருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்பார்கள். அங்கே தொழில் செய்யும் நம்மவர்கள் அடிக்கடி கூறும் உதாரணம் பென்கூலன் தெருப் பள்ளிவாசல். பழைய பள்ளியிருந்த வக்ஃபு நிலத்தில் புதிய பள்ளியும், வணிகப் பகுதியும், 103 குடியிருப்புகள் கொண்ட அடுக்ககமும் எழுந்தன. அதற்காக 2001ஆம் ஆண்டில் முஷாரகா முறையில் 3.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி திரட்டப்பட்டது. பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால் அதை நடத்தியது ஒரு மஹல்லாக் கமிட்டி அன்று. அந்நாட்டின் இஸ்லாமிய மன்றம். ஒட்டுமொத்தக் குடியிருப்புகளையும் 10 ஆண்டுகளுக்குக் குத்தகையாக எடுக்க ஒரு பெரிய விடுதி நிறுவனமும் அத்திட்டத்திலேயே பங்காளியாக இருந்தது. குடியிருப்பவர் யார் என்று தெரிந்த பிறகே அவர்கள் கட்டினார்கள். நாமோ கட்டிவிட்டு ஆளைத் தேடப் போகிறோம்.

மண்டபத்தின் கதையையும் பேசிவிடுவோம். ரமளானில் மண்டபம் பூட்டிக் கிடக்கும். முஹர்ரத்திலும் ஸஃபரிலும் திருமணம் தவிர்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. அதற்கு மார்க்க ஆதாரம் இல்லை என்று ஆலிம்கள் எத்தனை முறை கூறினாலும், மண்டபத்தின் வரவுசெலவு மக்களின் வழக்கத்தைப் பார்த்தே அமையும். அடுத்த தெருவில் குளிர்சாதன வசதியோடு வேறொரு மண்டபம் வந்துவிட்டால் நமது மண்டபம் பழையதாகிவிடும். இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். நிகாஹ்வைப் பள்ளியிலேயே எளிமையாக நடத்துங்கள் என்று மிம்பரிலிருந்து உபதேசித்துவிட்டு, ஆடம்பரத் திருமணங்களின் வாடகையை நம்பிப் பள்ளியின் வரவுசெலவை வகுப்பது எப்படிப் பொருந்தும்?

இனி வீடுகளுக்கு வருகிறேன். 450 சதுர அடியில் ஒரு படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை கொண்ட வீடு. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் ஒரு வீட்டிற்கு 9 லட்சம். முதலில் இரண்டே வீடுகள், 18 லட்சம். வாடகை வீட்டுக்கு 5,000 என்றால் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம். அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது 96,000. முழுத்தொகையையும் கர்ளன் ஹஸனாவாகத் திரட்டினால் திருப்பிக் கொடுக்க ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் யாருடைய பணத்தையும் நிறுத்திவைக்க முடியாது. ஆகவே பாதியை நன்கொடையாகவும் பாதியை அழகிய கடனாகவும் திரட்ட வேண்டும். அப்படியானால் பத்து ஆண்டுகளுக்குள் கடன் தீர்ந்துவிடும். மண்டபத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை மிகச் சிறியதுதான். ஆனால் தவறு நேர்ந்தாலும் அது இரண்டு வீட்டுத் தவறாகவே இருக்கும். சமையலறை சிறிதாகிவிட்டதா, காற்றோட்டம் போதவில்லையா, அடுத்த இரண்டு வீடுகளில் திருத்திக்கொள்ளலாம். இரண்டு கோடி ரூபாய்க் கட்டடத்தில் நேர்ந்த பிழையை யார் திருத்துவது?

இரண்டு வீட்டு வேலையை நம் மஹல்லாக் கொத்தனாரே எடுத்துச் செய்ய முடியும். ஜன்னல் கதவு நம் தெருத் தச்சரிடம், கம்பியும் சிமெண்டும் நம் ஊர்க் கடையில். பெரிய கட்டடத்திற்கு வெளியூர் ஒப்பந்தக்காரர்தான் வருவார்; பணமும் அவரோடு போய்விடும். மேலும் குடும்பங்கள் குடிவந்தால் அங்கே மளிகைக் கடைக்கு வியாபாரம் நடக்கும், மதரஸாவுக்குப் பிள்ளைகள் வருவார்கள், பஜ்ருக்குப் பள்ளியில் ஒரு ஸஃப்பு கூடும்.

வாடகை விஷயத்தில் ஒன்றை உறுதியாகக் கூறுகிறேன். வக்ஃபு வீட்டை நியாயமான சந்தை வாடகைக்குக் குறைத்து விடலாகாது என்பது ஃபிக்ஹு நூல்களின் சட்டம். விதவைக்கும் அதே வாடகையா என்று மனம் பதறலாம். அந்தச் சகோதரி ஜகாத் பெறத் தகுதியுடையவராயின், பைத்துல்மாலிலிருந்து ஜகாத்தை அவர் கையிலேயே உடைமையாகக் கொடுப்போம். வாடகையை அவரே செலுத்தட்டும். ஜகாத்தைக் கல்லிலும் சிமெண்டிலும் போடாமல் உரியவரிடம் சேர்த்ததாகவும் ஆகும், வக்ஃபின் கணக்கும் நேராக இருக்கும், அந்தப் பெண்மணியும் இலவசக் குடியிருப்பாளர் என்ற பெயரின்றித் தலைநிமிர்ந்து வாழ்வார். அதேபோல் வருமானத்தில் முதல் செலவு கட்டடப் பராமரிப்பே என்று ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் வகுத்துள்ளார்கள். வக்ஃபு செய்தவர் நிபந்தனை விதிக்காவிட்டாலும் அது கடமை. ஓட்டை ஒழுகவிட்டுவிட்டுக் கந்தூரிக்கும் வரவேற்பு வளைவுக்கும் செலவழிப்பதற்கு இடமில்லை.

வக்ஃபு மனைக்குச் சொன்னது நம் சொந்த வீடுகளுக்கும் பொருந்தும். 2020ஆம் ஆண்டில் கொரோனா காலத்தில் வளைகுடாவில் வேலையிழந்து திரும்பியவர்கள் பலர். இருபதாண்டு உழைப்பைக் கொட்டிக் கட்டிய மாளிகை இருந்தது. அடுத்த மாத அரிசிக்கு வழியில்லை. நான்கு படுக்கையறையும் பளிங்குத் தரையும் சோறு போடுவதில்லை. மாடியில் தனிப் படிக்கட்டு வைத்து ஒரு சிறு பகுதியைப் பிரித்திருந்தால் வாடகை வந்திருக்கும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தின் சுமையைப் பற்றிப் பேச வேண்டியது நிறைய உள்ளது. ஆயினும் தாய்வீட்டை ஒட்டியே மகள் வீடு எழுந்ததால், சாலையும் கிணறும் பள்ளியும் உள்ள இடத்திலேயே குடும்பங்கள் பெருகின என்பதும் உண்மை.

இன்று நாம் செய்வதோ நேர்மாறு. ஊருக்குள்ளே பூட்டிய வீடுகளும் முள் முளைத்த மனைகளும் கிடக்க, ஊருக்கு வெளியே வயலை அழித்துக் கல் நட்ட மனைப்பிரிவில் பணத்தைப் போடுகிறோம். 20.10.2016க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு தனித் திட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அங்கே நான்கு வீடு வந்தாலும் சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வடிகால் அனைத்தும் நீள வேண்டும். அந்தச் செலவைத் தாங்குவது ஊர் முழுவதும் செலுத்தும் வரியே. 2022இல் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்தபோது நாம் குமுறினோம். குழாய் ஏற்கெனவே ஓடும் தெருவில் ஒரு வீடு கூடினால் ஊருக்குப் புதுச் செலவு மிகக் குறைவு, வரியோ கூடுதல். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் இணையவழியாகவே அனுமதி கிடைக்கிறது. சிறிதாகக் கட்டுவோருக்குச் சட்டமும் கதவைத் திறந்திருக்கிறது.

எனவே பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மஹல்லாவுக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் காலி மனைகளையும் இளைஞர் குழு ஒன்று தெருத்தெருவாகச் சென்று பட்டியலிட வேண்டும். 20 சென்ட் மனையின் ஆவணங்களை முதலில் சீர்செய்ய வேண்டும். 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்குப் பின் ‘உமீத்’ இணையதளப் பதிவும் கட்டாயமாகியுள்ளதால் இதில் தாமதம் கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு வக்ஃபு வாரியத்தின் முன் அனுமதி தேவை என்பதையும் நிர்வாகம் கவனத்தில் கொள்ள வேண்டும். மூன்றாவதாக, தெற்கு ஓரத்தில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் இன்று ஒப்புதல் தாருங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதில்லை என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். வரவுசெலவை மாதத்தின் முதல் ஜும்ஆ அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எஞ்சிய மனை அப்படியே இருக்கும். மண்டபம்தான் வேண்டும் என்று பத்தாண்டு கழித்து நம் பிள்ளைகள் முடிவு செய்தால், அதற்கும் இடமிருக்கும்.