மனோ மாஜ்ரா வழியே சென்ற ரயில்

(சங்கத்தின் வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



பிடித்த நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன், அதன்பின் முப்பத்தைந்து வருஷம் பைலில் குறிப்பு எழுதியவன். இலக்கிய விமரிசனம் எனக்குக் கைவராது. ஆகவே, குஷ்வந்த் சிங்கின் ‘ட்ரெயின் டு பாகிஸ்தான்’ நாவலை மூன்று வயதில் மூன்று விதமாகப் படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

குஷ்வந்த் சிங் என்றதும் பல்புக்குள் உட்கார்ந்திருக்கும் சர்தார்ஜி படமும் அவருடைய ஹாஸ்யத் துணுக்குகளும்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். இந்த நாவல் 1956-ல் வெளிவந்தது. பிரிவினைக்கு முன் அவர் லாகூரில் வக்கீல். இந்தியாவுக்கு அதுவரை வந்தே இராத ராட்கிளிஃப், 1947 ஜூலை 8-ம் தேதி வந்து இறங்கி, ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் கோடு போட்டுப் பிரித்தார். அந்தக் கோடு எங்கே போகிறது என்பது ஆகஸ்ட் 17-ம் தேதிதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து!

கதை நடப்பது சட்லெஜ் கரையில், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள மனோ மாஜ்ரா என்ற கற்பனைக் கிராமத்தில். லேவாதேவிக்காரர் ராம் லால் வீடு ஒன்றுதான் ஹிந்து வீடு. மற்றவர்கள் சீக்கியர்களும் முஸ்லிம்களும், கிட்டத்தட்ட சரிபாதி. ஊருக்குக் கடிகாரமே ரயில்தான். விடியற்கால மெயிலின் சத்தத்தில் முல்லா இமாம் பக்‌ஷ் எழுந்து தொழுகைக்கு அழைப்பார். அதைக் கேட்டு குருத்வாராவில் மீத் சிங் எழுந்திருப்பார். ஒரு நாள் நேரம் தவறி வருகிற ரயிலில் பிணங்கள் வருகின்றன. அதன்பிறகு அந்த ஊருக்கு வேளை என்பதே இல்லாமல் போய்விடுகிறது.

1975 வாக்கில், தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கினேன். கல்யாணமாகாத வயசு. என் கண்ணில் பட்டதெல்லாம் ஊர்ப் போக்கிரி ஜக்கத் சிங்கும் முல்லாவின் மகள் நூரனும்தான். ராம் லால் கொலையான இரவு ஜக்கா அவளோடு வயல்வெளியில் இருந்தவன். அதைச் சொன்னால் தப்பிக்கலாம். சொல்லாமல் ஜெயிலுக்குப் போகிறான். சினிமா மாதிரி ஒரே மூச்சில் படித்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டாம் தடவை படித்தபோது இமாம் பக்‌ஷையும் மீத் சிங்கையும் விட்டு நகர முடியவில்லை. முஸ்லிம்கள் அகதி முகாமுக்குப் போயாக வேண்டும் என்று முடிவான இரவு, இரு தரப்பாரும் சேர்ந்து அழுகிறார்கள். யாரும் யாரையும் வெறுக்கவில்லை. ஆனாலும் மறுநாள் லாரி வருகிறது. கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களுடைய மாட்டுக்கும் வீட்டுக்கும் காவலாக நியமிக்கப்படுவது யார் தெரியுமோ? கொள்ளைக்காரன் மல்லி! சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

இதை எழுதியவருக்கே ஒரு இமாம் பக்‌ஷ் உண்டு. மன்சூர் காதிர் என்ற வக்கீல் சிநேகிதர். லாகூர் வீட்டை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் குஷ்வந்த் சிங் புறப்பட்டார். காதிர் பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு மந்திரியானார். நட்பு மட்டும் போகவில்லை. 2014-ல் குஷ்வந்த் சிங் காலமான பிறகு, அவருடைய அஸ்தியில் கொஞ்சம் எல்லை தாண்டி, பிறந்த ஊரான ஹடாலிக்கே கொண்டுபோகப்பட்டது.

மூன்றாம் தடவை, ரிட்டையரான பிறகு. இப்போது என்னைப் பிடித்துக்கொண்டவர் மாஜிஸ்ட்ரேட் ஹுகும் சந்த். லஞ்சமும் விஸ்கியும் உண்டு. கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. முஸ்லிம்கள் போகும் ரயிலைத் தாக்க, பாலத்தில் குறுக்கே கயிறு கட்டப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஓடுகிற ரயிலின் கூரையில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு கயிறு என்ன செய்யும் என்பதைப் பௌதிகம் படித்த நான் யோசிக்காமல் இருக்க முயன்றேன். போலீஸ் போதாது, தானே போய் நிற்கத் தைரியமும் இல்லை. படித்த இக்பாலையும் போக்கிரி ஜக்காவையும் ஜெயிலிலிருந்து விடுவித்து, ஏதாவது நடக்கும் என்று காத்திருக்கிறார்.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டேன். காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1984 நவம்பர் 1-ம் தேதி. டில்லியில் எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டில் ஒரு சர்தார்ஜி குடும்பம். லயால்பூரிலிருந்து குழந்தையாகத் தூக்கிவரப்பட்டவர் அவர். மெயின் ரோடு பக்கம் புகை தெரிந்தது. நான் தெரிந்த அதிகாரிகளுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தேன். முறைப்படி தகவல் கொடுத்துவிட்டேன் என்று ஒரு திருப்தி வேறு. திரும்பிப் பார்த்தால், அந்த வீட்டு இரண்டு குழந்தைகளும் அவர்கள் அம்மாவும் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். சர்தார்ஜி பூஜை அலமாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என் மனைவி என்னைக் கேட்கவே இல்லை. மூன்று நாள் இருந்தார்கள். எங்கள் பிளாக்குக்கு யாரும் வரவில்லை, தப்பித்தோம். அவள் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. என்னைப் பற்றி நல்லவிதமாக அறிமுகம் செய்த தலைவர் மன்னிக்க வேண்டும்.

மீதிப் பக்கங்களை ஒரு வாரம் கழித்துப் படித்தேன். புரட்சி பேசிய இக்பால், உயிரைக் கொடுத்தால் பிரயோஜனம் உண்டா என்று விஸ்கியோடு தர்க்கம் செய்து தூங்கிப்போகிறான். ஜக்கா குருத்வாராவுக்குப் போய், குருவின் வாக்கில் கொஞ்சம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இருட்டில் போகிறான். அந்த ரயிலில் நூரன் போகிறாள், வயிற்றில் அவன் குழந்தையோடு. அது அவனுக்குத் தெரியாது. அவன் அம்மாவிடம்தான் அவள் சொல்லியிருந்தாள். பாலத்தில் ஏறிக் கயிற்றை வெட்டுபவனின் பெயரைக்கூட ஆசிரியர் சொல்வதில்லை. சுடுகிறார்கள், வெட்டி முடித்துவிட்டு விழுகிறான். ரயில் போய்விடுகிறது.

என் மனைவி இந்த நாவலைப் படித்ததில்லை. கதையைச் சொன்னேன். “அந்தப் பொண் போய்ச் சேர்ந்தாளா? குழந்தை என்னாச்சு?” என்று கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை என்றேன்.