வாய்ப்பூட்டை உடைத்த தொழிலாளர்கள்



1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. தலைநகரை அடுத்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் 24 பேர் பிடிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் சங்கப் பிரதிநிதிகள். சிலரை ஆலை வளாகத்திலேயே அடைத்து வதைத்தார்கள். அவர்கள் காவலில் கிடக்க, வேலைக்கு வரவில்லையென்று நிர்வாகத்தின் தந்தி வீட்டுக்குப் போயிற்று!

1983-இல் ராணுவ ஆட்சி ஒழிந்தது. வாய்ப்பூட்டு ஒழிந்ததா? இல்லை. 1986, 1987-ஆம் ஆண்டுச் சட்டங்கள் விசாரணைக்குத் தடை போட்டன. பழையதை மறந்தால்தான் அமைதி என்பது வாதம். யாருக்கு அமைதி? அடித்தவனுக்கு!

தொழிலாளர்களும் அவர்தம் மனைவிமாரும் மறக்கவில்லை; சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்கள் செல்லா என்றது. தொழிலாளர்களின் பெயரையும் விலாசத்தையும் படத்தையும் ராணுவத்துக்குக் கொடுத்து உதவிய குற்றத்துக்காக, 2018 டிசம்பரில் அந்நாளைய நிர்வாகிகள் இருவருக்கு 10, 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 42 ஆண்டுகள்! அதற்குள் பலர் மாண்டுபோனார்கள்.

நாம் கற்பது என்ன? கொடுங்கோலன் போனதும் நீதி தானாக வந்துவிடாது. பட்டதைச் சொல்ல வாய் வேண்டும்; கேட்கக் காது வேண்டும்; எழுதிவைக்கக் கை வேண்டும். சாட்சி சாகுமுன் சொல்ல வைப்போம்!