வாசலுக்கு வெளியே நின்ற ஒப்பாரி: சே. இராமானுஜத்தின் நாடக வாழ்வு

(ஆயக்குடியில் நடந்த வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆயக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொய்யாப்பழம். போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி மையம். இங்கே இருக்கிற பாதிப்பேர் குரூப் ஃபோர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். எந்த வினாத்தாளிலும் வர வாய்ப்பில்லாத ஒருவரைப் பற்றி நான் பேசப்போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

2016 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். 1ஆம் தேதி கவிஞர் இன்குலாப் இறந்தார். 5ஆம் தேதி ஜெயலலிதா. கடைகள் அடைத்துக் கிடந்தன, பஸ் இல்லை. 7ஆம் தேதி சோ. பத்திரிகைகளில் மூச்சுவிட இடமில்லை. அந்த வாரத்தில்தான் தஞ்சாவூரில் பேராசிரியர் சே. இராமானுஜம் காலமானார். நவீனத் தமிழ் நாடகத்தில் இரண்டு மூன்று தலைமுறை நடிகர்களுக்கு உடம்பை எப்படி வைத்துக்கொள்வது, குரலை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தவர். நாடகக்காரர் என்று அந்த வாரம் தமிழ்நாடு பேசியது சோவைப் பற்றித்தான்.

நான் அவருக்குப் புகழுரை சொல்ல வரவில்லை. ஒரு கணக்கு பார்க்க வந்திருக்கிறேன்.

'பண்பாடுகளுக்கு இடையிலான நாடகம்' என்று ஒரு பேச்சு கல்விப்புலத்தில் உண்டு. ஒரு பண்பாட்டின் கதையை இன்னொரு பண்பாட்டின் உடம்பில் ஏற்றி ஆடுவது. 1985இல் பீட்டர் புரூக் பிரான்சின் அவிஞ்ஞோனில் ஒன்பது மணி நேர மகாபாரதம் போட்டார், பல நாட்டு நடிகர்களை வைத்து. உலகமே கொண்டாடியது. மூலப் பண்பாட்டிலிருந்து எடுத்தீர்கள் சரி, அந்த மண்ணின் மக்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ருஸ்தம் பரூச்சா கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அந்த விவாதம் பெரும்பாலும் நாட்டுக்கு நாடு நடந்தது. ஐரோப்பா எடுத்தது, இந்தியா இழந்தது என்று. எந்த இந்தியா? ஒரே பஞ்சாயத்துக்குள் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற தூரம் எந்த வரைபடத்தில் இருக்கிறது? இராமானுஜத்தின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அவர் 1935இல் நாங்குநேரியில் பிறந்தவர். வைணவக் குடும்பம். ஆசிரியராக காந்திகிராமத்துக்கு வந்தார். இங்கிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல், அங்கிருந்து சின்னாளபட்டி பஸ். அவ்வளவு பக்கம். அறுபதுகளில் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அதன் இயக்குநர் இப்ராஹிம் அல்காசி. லண்டனில் படித்து வந்த அல்காசி, 1963இல் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிந்த கோட்டையையே மேடையாக்கி 'அந்தா யுக்' போட்டவர். அந்தப் பட்டறையில் உருவானவர் இராமானுஜம்.

திரும்பி வந்தவர் சென்னைக்குப் போய் சபா நாடகம் போடவில்லை. கேரளத்தில் ஜி. சங்கரப்பிள்ளையோடு சேர்ந்து நாடகக் களரி இயக்கத்தில் இறங்கினார். 1967இல் சாஸ்தாங்கோட்டையில் தொடங்கியது அது. வசனத்தை ஒப்பிப்பதல்ல நடிப்பு, உடம்பைக் கொண்டு யோசிப்பது என்று ஊர் ஊராகப் பயிற்சி கொடுத்தது. அதே பயிற்சி 1977இல் காந்திகிராமத்துக்கு வந்தது. அந்த நாடகப் பட்டறையைத் தமிழ் நவீன நாடகத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று என்பார்கள். மிகையில்லை. அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் மு. இராமசாமி. அடுத்த ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். சோஃபக்ளிசின் 'ஆன்டிகனி'யைத் 'துர்க்கிர அவல'மாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அண்ணன் உடலை அடக்கம் செய்யவிடாத அரசனை எதிர்க்கிற பெண்ணின் கதை அது. 2019இல் வாணியம்பாடி பக்கம், பாதையை மறித்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். வீடியோ பார்த்திருப்பீர்கள். சோஃபக்ளிசை நாம் வெளிநாட்டு ஆசிரியர் என்கிறோம்.

இராமானுஜம் அதன் பிறகு திருச்சூர் நாடகப் பள்ளியிலும், பிறகு தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக இருந்தார். குழந்தைகள் நாடகத்தில் அவர் செய்தது தனியாகப் பேச வேண்டியது, இன்று விட்டுவிடுகிறேன். நான் பிடித்துக்கொள்ள விரும்புவது இரண்டே நாடகங்களை.

முதலாவது 'வெறியாட்டம்'. கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிசின் 'டிரோஜன் பெண்கள்' நாடகத்தின் தமிழாக்கம். மூலநாடகம் கி.மு. 415இல் ஏதென்சில் நடந்தது. அதற்கு முந்தின ஆண்டுதான் ஏதென்ஸ் படை மீலோஸ் என்ற தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. அந்த ஊர்க்காரன் முன்னாலேயே, தோற்ற நகரத்துப் பெண்களின் அழுகையை வைத்து ஒரு நாடகம் போட்டிருக்கிறார் மனுஷன். கோட்டை மதிலிலிருந்து தூக்கி எறியப்பட்ட பேரப்பிள்ளையின் உடலை மடியில் வைத்துக்கொண்டு ஹெக்குபா அழுகிறாள். இந்த அழுகையைத் தமிழில் எப்படிச் செய்வது? பாகவதர் பாட்டாகவா, மேடை வசனமாகவா? இராமானுஜம் ஒப்பாரியைத் தேர்ந்தெடுத்தார்.

இது சாதாரண முடிவல்ல. கிரேக்கத் துன்பியலின் எடைக்கு எடை நிற்கக்கூடிய ஒரு வடிவம் நம் தெருவில் இருக்கிறது என்று, பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒருவர் செய்து காட்டினார். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் எனக்கு ஒப்பாரி முதலில் மேடையில் அறிமுகமாகவில்லை. என் அப்பத்தா ஒப்பாரி சொல்கிறவர். எங்கள் தெருவில் சாவு என்றால் அவர் அழுவது வேறு. ஊருக்குள் பெரிய வீட்டில் சாவு என்றால் ஆள் வரும், "வரச் சொன்னாக" என்று. போவார், இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு. திண்ணைக்கு ஏற முடியாது. வாசலுக்கு வெளியே, தெருவில் நின்று மாரடித்து அழ வேண்டும். அந்த வீட்டுப் பேரன் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான், இவர் அவனை "சின்னய்யா" என்பார். செத்தவருடைய பெருமை எல்லாம் பாட்டில் வர வேண்டும். அவர் கூலியில் பிடித்த காசு பாட்டில் வராது. சாயங்காலம் ஒரு படி சோளம், சில நேரம் ஒரு பழைய சேலை. பசங்க பறை அடிக்கப் போனால் சாராயமும் சேர்த்து. 'கலை' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. அது அவர் செய்தே தீர வேண்டிய வேலை. வரமாட்டேன் என்றால் அடுத்த நாள் களையெடுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஆய்வுக்காக அவர் பாட்டை ஃபோனில் பதிவு செய்தேன். பாடி முடித்துவிட்டு, "இத யாருக்குப் போட்டுக் காட்டுவ?" என்றார். யுனிவர்சிட்டியில் அப்பத்தா என்றேன். "உள்ள கூப்பிட்டுப் போயி கேப்பாகளா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அதனால்தான் 'வெறியாட்டம்' பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு மனது. வடிவம் உள்ளே போய்விட்டது. ஹெக்குபா என்ற அரசியின் வாயில் அது காவியத் துயரமாகிவிட்டது. என் அப்பத்தாவின் வாயில் இருந்தபோது அது அடிமை வேலை. ஒரே ராகம்தான், ஒரே மூச்சுதான். இடையில் என்ன மாறியது? பாடுகிற ஆளின் இடம் மாறியது. வடிவத்தைப் பிரித்து எடுக்கலாம், அதை அவர்கள் மேல் சுமத்திய சாதி ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிடலாம் என்பது நம் நவீன நாடகம் முழுவதும் இருந்த வசதி. இராமானுஜம் என்ற தனிமனிதரைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 'நாட்டார் வடிவம்', 'வேர்களைத் தேடி' என்றெல்லாம் எழுபதுகளில் இருந்து பேசியவர்கள், அந்த 'நாட்டார்' யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று கேட்டது குறைவு.

இரண்டாவது நாடகம், கைசிக நாடகம். திருக்குறுங்குடி நம்பி கோயிலில் கார்த்திகை மாத ஏகாதசி இரவில் ஆடப்படுவது. நலிந்து கிடந்த இதை 1999இல் அனிதா ரத்னம் முயற்சியில் மீட்டுருவாக்கிக் கொடுத்தவர் இராமானுஜம். நாங்குநேரிக்காரருக்குத் திருக்குறுங்குடி பக்கத்து ஊர். ஒரு காலத்தில் தேவதாசிப் பெண்கள் ஆடியது, பிறகு அவர்கள் இல்லாமல் போனது. இவர் பெண் கலைஞர்களைத் திரும்ப அந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். (இன்னொரு சின்னச் செய்தி: டி.வி.எஸ். என்ற பெயரில் இருக்கிற 'டி' இந்தத் திருக்குறுங்குடிதான். அந்த சுந்தரம் அய்யங்காரின் மகள் சௌந்தரம், குழந்தை விதவையாகி, சாதி கடந்து ஜி. இராமச்சந்திரனை மணந்தவர். அந்த இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் காந்திகிராமம். இராமானுஜத்தின் பாதை தொடங்கிய இடமும் வந்து சேர்ந்த இடமும் இப்படி ஒரு வீட்டு வழியாகத் தொட்டுக்கொள்கின்றன.)

கதை என்ன? நம்பாடுவான் பாணர் குலத்தவர், தீண்டத்தகாதவர். கோயிலுக்கு வெளியே நின்று பாடுகிறவர். ஏகாதசி இரவில் பாடப் போகும்போது ஒரு பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் தின்றுகொள் என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறார். சொன்னபடி வருகிறார். ராட்சசன் யார் என்றால், யாகத்தில் தவறு செய்து செத்த பார்ப்பனன். நம்பாடுவான் தான் பாடிய கைசிகப் பண்ணின் பலனைக் கொடுத்த பிறகுதான் அவனுக்கு விடுதலை.

கொஞ்சம் நின்று யோசித்தால் இந்தக் கதை வெடிக்கக்கூடியது. வேள்வியால் கெட்டவனைப் பாணனின் பாட்டு மீட்கிறது. அப்படியென்றால் யாருக்கு யார் குரு? ஆனால் கோயில் வேறு ஒன்றையும் சொல்கிறது. நம்பாடுவான் வெளியிலிருந்தே பெருமாளைப் பார்க்கட்டும் என்று கொடிமரம் விலகி நின்றதாம். திருப்புன்கூரில் நந்தனாருக்கு நந்தி விலகியது. உடுப்பியில் கனகதாசருக்குச் சுவரில் வழி கிடைத்தது. மூன்று ஊரிலும் கடவுள் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறார். கண்ணுக்கு வழிவிட்டார், காலுக்கு விடவில்லை. வாசற்படியைத் தாண்டச் சட்டம் வர வேண்டியிருந்தது, 1947 வரை.

இந்த நாடகத்தைத் திரும்ப ஆடவைப்பது நல்ல காரியமா? நல்ல காரியம்தான் என்கிறேன். அழிந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட நமக்கு ஒரு மேடை இருந்திருக்காது. ஆனால் அது பக்தி நாடகமாகவும் பாரம்பரிய நாடகமாகவும் மீட்கப்பட்டது. வெளியே நின்றவனின் கோபத்தோடு மீட்கப்படவில்லை.

அந்தக் கோபம் வேறு திசையிலிருந்து வந்தது. அதே 2016இல், ஜனவரி 17 அன்று இறந்தவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைப் பக்கம் மாரந்தையில் பிறந்தவர், 'தன்னானே' கலைக்குழு, புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகத் துறை, 'வடு' என்ற தன்வரலாறு. இவரும் நாட்டார் பாட்டையும் ஆட்டத்தையும்தான் எடுத்தார். ஆனால் எங்கோ இருந்த வடிவமாக அல்ல, தன் வீட்டுப் பொருளாக எடுத்தார். 'பலி ஆடுகள்' நாடகத்தில் சாதியின் பலிபீடத்தை மட்டும் காட்டி நிறுத்தாமல், தலித் ஆணுக்கும் கீழே தலித் பெண் நிறுத்தப்படுவதையும் கேட்டார். நம் வீட்டுக்குள்ளும் கேள்வியைத் திருப்பினார் என்பதால் அந்த நாடகம் எனக்குப் பெரியது. இன்குலாப் எழுதிய பாட்டை அவர் குரலில் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இராமானுஜத்திடம் இருந்த நடிகப் பயிற்சியும் உலக நாடக அறிவும், குணசேகரனிடம் இருந்த அந்த இடமும் ஒரே வகுப்பறையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். வெறும் கற்பனை இல்லை. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு இருக்கிறது. தலித் பெண் பிள்ளைகள் பறையைக் கையில் எடுத்து, சாவு வீட்டுக்குப் போகாமல் மேடைக்குப் போகிறார்கள். ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறார். பண்பாடுகளுக்கு இடையில் என்றால் இதுவும்தானே. ஒரே வேறுபாடு, படத்தில் பேசுகிறவர்களும் அடிக்கிறவர்களும் அவர்களேதான். 2016இல் பாரிசில் அரியான் முனுஷ்கின் தன் நாடகத்துக்குக் கூத்து வேண்டும் என்றபோது, புரிசை சம்பந்தத் தம்பிரான் போய்ப் பிரெஞ்சு நடிகர்களுக்கு வாத்தியாராக நின்றார். இப்படியும் செய்ய முடியும். சொல்லிக்கொடுக்கிறவர் கூத்துக்காரராகவே இருக்க முடியும்.

இங்கே நாடகம் போட ஆசைப்படுகிறவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். காந்திகிராமப் பட்டறையில் பழகியவர்கள் இன்னும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். உடம்புப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம், அது யாருடைய தனிச்சொத்தும் இல்லை. ஒப்பாரி வேண்டும் என்றால் என் அப்பத்தாவிடம் கூட்டிப் போகிறேன். ஆனால் பாட்டை எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அவருக்கு நாற்காலி போட்டு, ஒத்திகை நாட்களுக்குச் சம்பளம் கொடுத்து, நோட்டீசில் பயிற்சியாளர் என்று பெயர் போட வேண்டும். வருவாரா என்று நான் கேட்டுச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் 'வடு' படித்துவிட்டு வாருங்கள். பழனி நூலகத்தில் இல்லையென்றால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, சுற்றுக்கு விடுகிறேன். இப்போது கேள்விகள் கேளுங்கள்.