திரையில் ஈ, தொட்டியில் கொசு
(தாம்பரத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று ஒரு சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றவுடன் சிலர் சிரித்தீர்கள். சிரிப்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. காலட்சேபத்துக்குப் போகிறவர்களைவிடச் சினிமாவுக்குப் போகிறவர்கள் எத்தனையோ மடங்கு அதிகமாகிவிட்ட பிறகு, ஜனங்கள் எதை நம்பிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வருகிறார்கள் என்பதை நாம் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பது?

2012-ல் ராஜமௌலி எடுத்த "நான் ஈ" என்ற படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு பணக்காரன் ஒரு பெண்மேல் ஆசைவைத்து, அவளைக் காதலித்த வாலிபனைக் கொன்றுவிடுகிறான். செத்தவன் ஈயாகப் பிறந்து வந்து, கொன்றவனைத் தூங்கவிடாமல் படுத்திக் கடைசியில் உயிரையே வாங்கிவிடுகிறான். கம்ப்யூட்டரில் ஒரு ஈயைச் செய்து அதை நடிக்கவும் வைத்த திறமையை மெச்சத்தான் வேண்டும். ஈயைக் கொல்ல வந்த மந்திரவாதி தானே மடிகிற இடத்தில் நாமும் கைதட்டினோம், மறைப்பானேன்?

ஆனால் கதைக்கு அஸ்திவாரம் எது? மறுஜென்மம். வீட்டு ஈ உயிரோடிருப்பதே ஏறக்குறைய ஒரு மாதம். அதன் மூளை கடுகைவிடச் சிறிது. அதற்குள் போன ஜென்மத்துக் காதல், பகை, விலாசம் எல்லாம் அடங்கியிருக்கின்றனவாம்!

வெள்ளைக்காரரும் இதில் சளைத்தவர்களல்ல. 1954-ல் அமெரிக்காவில் வந்த "தெம்" என்ற படத்தில், 1945-ல் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பாலைவனத்து எறும்புகள் மோட்டாரளவு பெருத்து மனிதரைக் கொல்லுகின்றன. ஆத்மாவுக்குப் பதில் அணுகுண்டு, அவ்வளவே வித்தியாசம். எறும்பை எல்லாப் பக்கமும் 100 மடங்கு பெருக்கினால் அதன் கனம் 10 லட்சம் மடங்காகும். கால்களின் குறுக்களவோ 10 ஆயிரம் மடங்குதான் ஆகும். தன் பாரத்தாலேயே காலொடிந்து விழ வேண்டியதுதான். ஆகவே பெருத்த பூச்சிக்குப் பயமே வேண்டாம்.

பயப்பட வேண்டியது சிறுத்த பூச்சிக்கு. 1897 ஆகஸ்டு 20-ந் தேதி சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து, அதில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்குமுன் கெட்ட காற்றால் வரும் காய்ச்சல் என்றே படித்தவர்களும் நம்பினார்கள். இன்றைக்கும் மலேரியாவால் உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் பேர் சாகிறார்கள். எந்தச் சினிமா ஈ இத்தனை பேரைக் கொன்றது?

நம் ஊருக்கு வருவோம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை ஊரே படம் பிடித்தது. தண்ணீர் வராத நாட்களுக்கென்று குடத்திலும் டிரம்மிலும் பிடித்து மூடாமல் வைக்கிறோமே, அதை யாரும் படம் பிடிப்பதில்லை. டெங்குக் கொசு விரும்புவது சாக்கடையை அல்ல, அந்த நல்ல தண்ணீரைத்தான். அது கடிப்பது பகலில். அதன் முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகையால் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் நம் தெருவில் எட்டு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. முன்வினை என்றார் ஒருவர். எட்டு வயதில் அவன் யாரைக் கொன்றான், கொசுவாகப் பிறந்து வந்து பழிவாங்க? கடிப்பது பெண் கொசு, முட்டையிட அதற்கு இரத்தம் வேண்டும். அதில் பகையுமில்லை, வினையுமில்லை. பையனுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நாலாம் நாள் உடம்பு குளிர்ந்தது. கயிறு பலித்ததென்று தேங்காய் உடைத்தார்கள். டெங்குவிலோ காய்ச்சல் இறங்குகிற அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆபத்து ஆரம்பம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் இவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு நாழிகை தாமதிக்கக்கூடாது. அன்று சாயங்காலம் பையன் ஓயாமல் வாந்தியெடுக்க, நாமும் இரண்டு தோழர்களும் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தான்.

வீடு திரும்பியதும் அவன் ஆயா, "தம்பி, அந்தக் கயிறு இல்லேன்னா என் பேரன் பொழைச்சிருப்பானா?" என்று கேட்டார். நாம் வாதாடவில்லை. வீட்டுத் தொட்டியைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டோம். டார்ச் விளக்கைப் பிடித்ததும் புழுக்கள் நெளிந்தன. ஆயா வாயடைத்துப் போனார். பிறகு சற்றுப் பெருமையோடு நம் வீட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தோம். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் அதே புழு! கொசு பகுத்தறிவுவாதி வீடென்று விலகிப்போகுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் தோழர்கள் வாளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நம் வீட்டிலிருந்தே ஆரம்பித்து, அடுத்தபடியாக ஆயா வீட்டுத் தொட்டியைக் கழுவுவோம். வருவதாக அவரும் சொல்லியிருக்கிறார்.