சரித்திர ஆசை எங்கே பிறக்கிறது?

(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சரித்திரம் என்றாலே நம் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதில் அவர்கள் குற்றம் அதிகமில்லை. பானிப்பட்டுப் போர் எந்தெந்த ஆண்டில் நடந்தது என்று நெட்டுருப் போட்டுத்தான் நாமும் பரீட்சை எழுதினோம், மறுநாளே மறந்தோம். ஆனால் அதே பிள்ளையிடம், "தினமும் லஸ் கார்னரில் பஸ் ஏறுகிறாயே, லஸ் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். போர்த்துக்கீசிய மொழியில் ஒளி என்று பொருள். கடலில் திசை தப்பிய மாலுமிகளுக்குக் கரையிலிருந்து ஓர் ஒளி வழிகாட்டியதாகவும், அது மறைந்த இடத்தில் எழுந்ததே பிரகாச மாதா கோயில் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். நம் பெரியவர்கள் அதைக் காட்டுக்கோயில் என்பார்கள். உடனே பிள்ளை கேட்பான்: "லஸ்ஸில் காடா இருந்தது?" கேள்வி பிறந்துவிட்டால் வாத்தியார் வேலை பாதி முடிந்தது.

அவனை அங்கேயே அழைத்துப் போங்கள். கல்வெட்டில் 1516 என்ற ஆண்டைக் காட்டுங்கள். போர்த்துக்கீசியர் மயிலாப்பூரில் குடியேறியதே 1520-களில்தான். ஆகவே அந்த ஆண்டை ஐயுறும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதனால் விசுவாசம் குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நமக்கு அந்த அச்சமில்லை. கல்லில் எழுதியதையும் விசாரிக்கலாம் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் சரித்திரம் ருசிக்கும்.

சாந்தோம் பேராலயத்தை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரக் கட்டடம் 1896-ல் முடிந்தது. அதற்கு முன் அங்கே நின்றது போர்த்துக்கீசியர் கட்டிய கோயில். அந்தச் சுற்றுப்புறத்தின் பழம்பொருள்களைச் சேசு சபைக் குரு ஹோஸ்டன் அடிகள் 1920-களில் தேடி ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு 1936-ல் நூலாக வந்தது. அங்கே பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. கபாலீசுவரர் கோயில் முற்காலத்தில் கடலோரம் இருந்தது என்போர் இத்தகைய கற்களையும் சான்றாகக் காட்டுகிறார்கள். அயல்வீட்டார் சரித்திரமும் நம் காலடியில்தான் கிடக்கிறது!

கதையும் இந்த ஆசையை மூட்டும். கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. அதைப் படித்துவிட்டுத் தஞ்சைக்குப் புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். நந்தினியும் மெய்யாக வாழ்ந்தவள் என்று இன்றும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். போகட்டும், தஞ்சைக்குப் போனார்களே!

ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் நம் முன்னோர் பெயர்கள் லத்தீன் சாயலில் எழுதப்பட்டுள்ளன. தன் கொள்ளுத்தாத்தாவுக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் எதிர்வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா என்று ஒரு பையன் அதில் கண்டால் சும்மா இருப்பானா? (இன்று அந்த இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை என்றால் இன்னும் நல்லது, இருவரும் வந்து பார்க்கட்டும்.) அந்த ஏடுகள் இப்போது விரல் பட்டாலே உதிர்கின்றன. அடுத்த மழைக்காலத்தைத் தாங்குமா என்பது சந்தேகம். அவற்றிலுள்ள பெயர்களை இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடிய முதியோரும் நம்மிடையே சிலரே.

ஆகவே பங்குத் தந்தையவர்களின் அனுமதியோடு, வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் படியெடுக்கப் போகிறோம். கையெழுத்து தெளிவாக உள்ள நான்கு பிள்ளைகள் வேண்டும். பெயர்களைச் சொல்லி விளக்கப் பாட்டிமார்களும் வர வேண்டும். உட்கார நாற்காலி போடுகிறோம்.