மாற்றக் கூடியதும் மாற்ற முடியாததும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில், கேமிங் லேப்டாப்பை மேம்படுத்துவது குறித்து ஆற்றிய உரை)



நான் 1998-ஆம் ஆண்டு இங்கே இயற்பியல் முடித்தவன். மதுரையில் கம்ப்யூட்டர், லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். செயலாளர் போன் செய்து, "பசங்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். எனக்குத் தெரிந்தது ஸ்க்ரூ டிரைவர் ஒன்றுதான். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

கேமிங் லேப்டாப் என்றதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று நினைப்பீர்கள். ஆனால் என் கடைக்கு அந்த லேப்டாப்போடு வருகிறவர்களில் பாதிப் பேர் அனிமேஷன், கட்டடக்கலை, வீடியோ எடிட்டிங் படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கும் அதே கிராபிக்ஸ் கார்டுதான் வேண்டியிருக்கிறது. பகலில் பாடம், இரவில் விளையாட்டு. நாம் கேரம் போர்டு ஆடவில்லையா?

2023-இல் ஒரு தகப்பனார் மகனோடு வந்தார். மேலூர்ப் பக்கத்து விவசாயி. பையன் அனிமேஷன் இரண்டாம் வருடம். லேப்டாப் நாலு வருடம் பழசு. ஒரு கடையில், "கிராபிக்ஸ் கார்டை மாத்திடலாம், முப்பத்தெட்டாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "தம்பி, அங்க அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றார். நான் அடிப்பலகையைக் கழற்றி அவரிடமே காட்டினேன். அந்த லேப்டாப்பில் கழற்றி மாட்ட கார்டு என்று ஒன்று இல்லவே இல்லை.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு தனிப் பலகை. ஸ்லாட்டிலிருந்து உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். பெரும்பாலான லேப்டாப்களில் அந்தச் சில்லு மதர்போர்டிலேயே நூற்றுக்கணக்கான சிறு ஈய உருண்டைகளால் பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றி அதற்கான நினைவகச் சில்லுகள், மின்சாரம் கொடுக்கும் சுற்று, மேலே வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்கள். எல்லாமே அந்த ஒரு சில்லுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அடுத்த தலைமுறைச் சில்லைக் கொண்டு வந்து அங்கே பற்ற வைத்தால் சட்டை பொருந்தாது.

மாற்றும் முயற்சியே நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2004 வாக்கில் எம்.எக்ஸ்.எம். என்று லேப்டாப்புக்கான தனி கார்டு வடிவம் வந்தது. சில கனமான லேப்டாப்களில் அது இருந்தது. ஆனால் கார்டு கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் இந்தக் கம்பெனி கார்டு அந்தக் கம்பெனி மெஷினில் ஒத்துப்போவதும் அரிது. 2019-இல் டெல் கம்பெனி ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற மாடலை, கிராபிக்ஸை மாற்றலாம் என்று சொல்லி வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த ஆர்.டி.எக்ஸ். 30 வரிசைக்கு அதில் வழி இல்லாமல் போனது. 2021-இல் அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போனது அந்த விஷயம்.

சொன்னபடி செய்து காட்டியதாக நான் பார்த்தது ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 16. 2024 தொடக்கத்தில் ரேடியான் ஆர்.எக்ஸ். 7700எஸ் மாட்யூலோடு வந்தது. பின்பக்கம் கழற்றி மாட்டுகிற அமைப்பு. 2025 ஆகஸ்டில் அதே லேப்டாப்புக்கு ஆர்.டி.எக்ஸ். 5070 மாட்யூலை அறிவித்தார்கள். பழைய உடம்புக்குப் புது கிராபிக்ஸ். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் செய்வதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, வெளியே ஒரு பெட்டியில் டெஸ்க்டாப் கார்டை வைத்து தண்டர்போல்ட் கேபிள் மூலம் இணைப்பது. தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் விநாடிக்கு 40 ஜிகாபிட். டெஸ்க்டாப்பில் கார்டுக்கு 16 பாதை இருக்கும். இங்கே 4 பாதைக்கு உள்ளதுதான் கிடைக்கும். படத்தை மறுபடியும் லேப்டாப் திரைக்கே அனுப்பினால் அந்தப் பாதையில் நெரிசல் இன்னும் கூடும். தனி மானிட்டரில் பார்த்தால் தேவலை. கார்டு, பெட்டி, மின்சப்ளை, மானிட்டர் எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு டெஸ்க்டாப்பின் விலையை நெருங்கிவிடும். உங்கள் லேப்டாப்பில் தண்டர்போல்ட் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. யு.எஸ்.பி. டைப்-சி துளை இருப்பதாலேயே அது தண்டர்போல்ட் ஆகிவிடாது.

சரி, மாற்ற முடியாததைச் சொல்லிவிட்டேன். மாற்றக் கூடியது என்ன?

முதலில் சேமிப்பகம். பழைய ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய தகவல் முள்ளுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். முள் நகருகிற நேரம் தனி. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. ஜப்பானில் தோஷிபா கம்பெனியின் ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் அதற்கு அடிப்படை. அங்கே ஒரு தகவலை எடுக்க மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் திறக்கிற விண்டோஸுக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு சுமார் 100 எம்.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 550. என்.வி.எம்.இ. வகையில் மூன்றாம் தலைமுறை 3500 வரை, நான்காம் தலைமுறை 7000 வரை. இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹார்டு டிஸ்கிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்குப் போனாலும் மறுபிறவி எடுத்தது போலிருக்கும். மூன்றாம் தலைமுறையிலிருந்து நான்காவதுக்குப் போனால், பெரும்பாலான விளையாட்டுகளில் கையில் கடிகாரம் வைத்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.டி. போட்டால் விளையாட்டு சீக்கிரம் திறக்கும், ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும்போது திக்கித் திணறுவது குறையும். விநாடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்பது அதனால் கூடாது. அது கிராபிக்ஸ் சில்லின் வேலை. ஆனால் இப்போதைய விளையாட்டுகள் எஸ்.எஸ்.டி.யை எதிர்பார்த்தே எழுதப்படுகின்றன. 2023-இல் வந்த ஸ்டார்ஃபீல்டு, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்.எஸ்.டி.யும் 125 ஜி.பி. இடமும் கேட்டது.

வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள், அல்லது மாடல் நம்பரை வைத்து சர்வீஸ் மேனுவலைப் படியுங்கள். எம்.2 ஸ்லாட் எத்தனை? என்.வி.எம்.இ. ஏற்குமா, சாட்டா மட்டும்தானா? நீளம் எவ்வளவு? 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சிலவற்றில் 2242, 2230 மட்டுமே நுழையும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் நான்காம் தலைமுறை எஸ்.எஸ்.டி. வேலை செய்யும், ஆனால் மூன்றின் வேகத்தில்தான். அதற்கு ஏன் கூடுதல் காசு? சந்தையில் 2 டி.பி. என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு விற்கும் போலிகளும் உண்டு. உள்ளே இருப்பது சிறிய கொள்ளளவு, வெளியே பொய்க் கணக்கு. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற புரோகிராமால் முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள். பழைய டிஸ்கின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும்.

இரண்டாவது, ரேம். பல லேப்டாப்கள் 8 ஜி.பி. ஒற்றைத் தகடோடு வருகின்றன. இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் அதே வகைத் தகடு ஒன்றைப் போட்டு 16 ஆக்கலாம். அளவு மட்டுமல்ல, இரண்டு பாதையில் தகவல் ஓடுவதால் விளையாட்டு வேகமே சில இடங்களில் கூடும். டி.டி.ஆர்.4 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.5 நுழையாது. மெலிந்த மாடல்களில் ரேமும் பற்ற வைத்தே வரும், கவனியுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது, ஏ.ஐ. சர்வர்களுக்கு ஏகப்பட்ட சில்லுகள் போனது முக்கியக் காரணம். அதனால் தேவை பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவதுக்குப் பணமே வேண்டியதில்லை என்று சொல்லலாம். தூசி! பேராசிரியர்கள் நமக்கு வெப்பப் பரிமாற்றம் நடத்தினார்களே, நினைவிருக்கிறதா? அதுதான் என் கடையில் எனக்குச் சோறு போடுகிறது. ஃபேன் இறக்கைக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பஞ்சு மாதிரி தூசி அடைத்துக்கொள்ளும். சில்லு சூடாகும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பையன், "கிராபிக்ஸ் கார்டு பழசாயிடுச்சு அண்ணே" என்பான். பழசாகவில்லை, மூச்சு முட்டுகிறது. தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினால் வாங்கியபோது இருந்த வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அந்த மேலூர்ப் பையனுக்கு நான் செய்ததும் இந்த மூன்றையும்தான். 512 ஜி.பி. என்.வி.எம்.இ., 8 ஜி.பி. ரேம், சுத்தம் செய்தது. அப்போதைய விலையில் ஏழாயிரத்துக்குள் முடிந்தது. மீதிப் பணத்தோடு தகப்பனார் போய் நகையை மீட்டுவிட்டார். பையனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "தம்பி, பெரிய காட்சிகளை ரெண்டர் பண்ண இன்னமும் நேரமாகத்தான் செய்யும். சில்லு அதேதான். வேலைக்குப் போய் சம்பாதிச்சு அடுத்ததை நல்லதா வாங்கிக்கோ." நடக்காததை நடக்கும் என்று சொல்லி அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கவும் ஒரு வார்த்தை. கிராபிக்ஸை பின்னால் மாற்ற முடியாது என்பதால், வாங்குகிற அன்றே அதைச் சரியாகப் பாருங்கள். பெயர் மட்டும் போதாது. ஆர்.டி.எக்ஸ். 4060 லேப்டாப் சில்லை 35 வாட் முதல் 115 வாட் வரை எதிலும் ஓட்டலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ஒரே பெயர், ஆனால் வேகம் வேறு. டெஸ்க்டாப் ஆர்.டி.எக்ஸ். 4090 450 வாட், 24 ஜி.பி. நினைவகம், லேப்டாப் 4090 சுமார் 150 வாட், 16 ஜி.பி., உள்ளே இருக்கும் சில்லே வேறு. ஆகவே எத்தனை வாட், எத்தனை ஜி.பி. என்று கேளுங்கள். சேமிப்பகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அதை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மனதை வருத்திய ஒரு சம்பவம். ஆய்வு மாணவி ஒருவர். லேப்டாப்பில் தண்ணீர் கொட்டி மதர்போர்டு போய்விட்டது. எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தது. கழற்றி வேறு மெஷினில் மாட்டினால், 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. விண்டோஸ் தானாகவே டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கிறது. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை, லேப்டாப் விற்ற கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் போட்டு அன்றைக்குத் திறந்திருக்கிறான். அது எது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருடக் குறிப்புகள். நகல் எங்கேயும் இல்லை. அவர் அழுதுகொண்டே படியிறங்கினார். அந்த எஸ்.எஸ்.டி.யைத் தூக்கிப் போடாமல் இன்னமும் வைத்திருக்கிறாராம்.

ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மூன்று வேலை. ஒன்று, ரெகவரி கீயை எடுத்து ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். இரண்டு, முக்கியமானதை இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள். மூன்று, திறந்தால் வாரண்டி போகுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள். திறந்தபின் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். கழற்றிய பழைய டிஸ்கை எறிய வேண்டாம். சிறிய பெட்டி ஒன்றில் போட்டால் நகல் எடுக்க அதுவே உதவும்.

நண்பர்களே, வாயால் சொன்னால் பாதிதான் ஏறும். என் கடையில் உயிர் போன லேப்டாப்கள் பத்துப் பதினைந்து கிடக்கின்றன. முதல்வர் அவர்கள் அனுமதித்தால், மாதம் ஒரு சனிக்கிழமை நம் இயற்பியல் ஆய்வகத்துக்கு அவற்றைக் கொண்டு வருகிறேன். தம்பி தங்கைகள் பயமில்லாமல் கழற்றி மாட்டிப் பழகலாம். உடைந்தாலும் கேட்க ஆளில்லை! எது ஸ்லாட்டில் நிற்கிறது, எது ஈயத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளையிடம் யாரும் முப்பத்தெட்டாயிரம் கேட்க முடியாது. அந்தப் பிள்ளையின் அப்பாவும் அடகுக் கடைப் படியேற வேண்டியதில்லை.