எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஞாயிற்றுக்கிழமையானால் கீழே பார்க்கிங்கில் உட்கார்ந்து அந்தப் பழைய புல்லட்டை என்னதான் செய்கிறீர்கள்?" என்று நம்மில் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். செயலாளர் வேறு விதமாகக் கேட்டார். "சார், தரையில் ஆயில் கறை பற்றி ஒரு புகார் வந்திருக்கிறது" என்றார். இரண்டு கேள்விக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். வண்டி 1989ஆம் வருடத்து என்ஃபீல்ட் புல்லட் 350. வங்கி ஊழியர்களுக்குக் கொடுக்கும் வாகனக் கடனில் வாங்கியது. நம் திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. 346 சி.சி., ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு இன்ஜின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் மேலே ஒன்று, கீழே மூன்று. இன்றைய பிள்ளைகள் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். இந்த வண்டியில் ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று நானும் என் மனைவியும் சுற்றியிருக்கிறோம். தேய்மானக் கணக்குப் போட்டால் இதன் புத்தக மதிப்பு எப்போதோ ஒரு ரூபாய்க்கு வந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் ஸ்பானரை நானே கையில் எடுத்தேன். எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் முதல் நாளே ஒன்று சொன்னார்: "சார், இது ஆடிக்கிட்டே ஓடுற வண்டி. நட்டு தானா கழலும். வாரத்துல ஒரு நாள் தொட்டுப் பாருங்க, அது போதும்."

முதலில் ஆயில். இந்தப் பழைய இன்ஜினில் ஆயில் தனி அறையில் இருக்கும். பம்ப் அதை இன்ஜினுக்கு அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளும். வண்டியைப் பல நாள் நிறுத்தி வைத்தால் அறையில் இருக்கும் ஆயில் மெதுவாகக் கசிந்து கீழே கிராங்க் பகுதிக்குப் போய்விடும். அப்போது டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்த மாதிரி காட்டும். நானும் ஒருமுறை பயந்து அரை லிட்டர் ஊற்றினேன். வண்டியை ஓட்டியதும் கூடுதலாக இருந்த ஆயில் காற்றுப் போகும் குழாய் வழியாக வெளியே தள்ளியது. செயலாளரிடம் போன புகார் அந்தக் கறைதான். ஆகவே ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, அதன் பிறகே அளவு பார்க்க வேண்டும்.

அடுத்தது பாயின்ட். இன்றைய வண்டிகளில் இது கிடையாது. இந்த வண்டியில் பிளக்கில் பொறி வருவதற்கு இரண்டு சிறிய உலோக முனைகள் திறந்து மூட வேண்டும். அவை திறக்கும்போது இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் என்று மெல்லிய தகடுகள் அடங்கிய ஒரு கருவி உண்டு. விலை அதிகமில்லை. அதை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று பத்து முறை உதைத்துக் கால் வலிக்க நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடைவெளிதான் பிரச்சினை என்பது என் அனுபவம்.

பிறகு டேப்பட், அதாவது புஷ்ராடுகளின் அளவு. இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, ராடு விரலால் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. கேபிள்களுக்கு மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய். தூரப் பயணம் போகும்போது கிளட்ச் கேபிள் ஒன்றைப் புதிதாக வாங்கி, ஓடும் கேபிளுக்குப் பக்கத்திலேயே இழுத்துக் கட்டி வைத்துவிடுவேன். வழியில் அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. இது கார், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும் வயதான ரப்பர் இறுகிவிடும், மழையில் பிடிக்காது. அதிகம் ஓடாத வண்டிகளில்தான் இந்த ஆபத்து அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் சொல்ல வந்தது வேறு.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். "பஸ்ஸில் போகலாமே" என்றாள் மனைவி. "வண்டி கண்டிஷனாக இருக்கிறது, நானே பார்த்தது" என்றேன், சற்றுப் பெருமையாகவே. முந்தின நாள்தான் செயின் தொய்வைச் சரிசெய்திருந்தேன். அதற்குப் பின்சக்கர அச்சின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் நத்தை வடிவத்தில் இருக்கும் காமை ஒரே அளவு திருப்பி, மறுபடி நட்டை இறுக்க வேண்டும். காமைத் திருப்பி முடித்து, நட்டைக் கையால் முடுக்கிவிட்டு, பெரிய ஸ்பானரை எடுக்கப் போகும் நேரம் "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு" என்று மேலிருந்து குரல் வந்தது. போனேன். பணம் கொடுத்தேன். திரும்பி வந்து, வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில் டூல் பெட்டியை மூடிவிட்டேன்.

மதுராந்தகம் தாண்டியதும் பின்பக்கம் ஒரு மாதிரி அலைந்தது. காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். சரியாக அந்த நேரம் 'படார்' என்று ஒரு சத்தம். செயின் கழன்று விழுந்துவிட்டது. பின்னால் ஒரு அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசுவது போலக் கடந்து போனது. எப்படியோ ஓரமாக மண்ணில் இறக்கி நிறுத்தினேன். செயின் சக்கரத்தில் சிக்கியிருந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். அது சிக்கவில்லை, அவ்வளவுதான்.

சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அச்சு நட்டைத் தொட்டார். "சார், இது கையாலேயே சுத்துது. யார் சார் வேலை பார்த்தது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் செயினை மாட்டி, நட்டை இறுக்கிக் கொடுத்தார். அவள் மட்டும் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்தேன்.

ஆறு மாதம் அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. ஒருநாள் இரவு சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள். "ஏங்க, முப்பத்தெட்டு வருஷம் பேங்க்ல இருந்தீங்க. நீங்க எழுதின வவுச்சரை நீங்களே பாஸ் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை. ஒரு நாளும் இல்லை. ஐம்பது ரூபாய் வவுச்சராக இருந்தாலும் எழுதுபவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். எழுதியவர் நேர்மையில்லாதவர் என்பதற்காக அல்ல. தன் தவறு தன் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக. ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் நானே பத்து முறை கூட்டிப் பார்த்தாலும் அதே தவறான எண்ணைத்தான் கூட்டுவேன். பணத்துக்கு அத்தனை ஜாக்கிரதையாக இருந்தவன், அவள் உட்காரும் வண்டிக்கு அப்படி இருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். எந்த வேலை செய்தாலும் எந்தெந்த நட்டைத் தளர்த்தினேன் என்று தளர்த்தும்போதே எழுதிவிடுவேன். முடித்தபின் மனைவி கீழே வந்து அதை ஒவ்வொன்றாக வாசிப்பாள். நான் அந்த நட்டில் ஸ்பானரை வைத்து இறுக்கிக் காட்ட வேண்டும். பிறகு அவள் டிக் போடுவாள். இன்னொரு யோசனையும் அவளுடையதுதான். இறுக்கிய நட்டின் மேலும் பக்கத்துப் பாகத்தின் மேலும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு. நட்டு அசைந்தால் கோடு ஒன்றுக்கொன்று விலகித் தெரியும். புறப்படுமுன் பார்க்க அரை நிமிடம் போதும். வேலைக்கு நடுவில் யார் கூப்பிட்டாலும் சரி, ஸ்பானரைச் சீட்டின் மேல் வைத்துவிட்டுத்தான் போவேன். ஸ்பானர் சீட்டில் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அந்த நோட்டு இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தது. அவளால் பார்த்து உறுதி செய்ய முடியாத வேலை எதையும் வீட்டில் நான் செய்வதில்லை. இன்ஜினைப் பிரிப்பது, சக்கரக் கோட்டம் எடுப்பது, பிரேக் ஷூவுக்கு லைனிங் ஒட்டுவது எல்லாம் பட்டறைக்குத்தான்.

கடைசியாக, நம் பார்க்கிங் சம்பந்தமாக மூன்று விஷயம். ஒன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே டேங்க், கார்புரேட்டர் வேலையை அடித்தளத்தில் யாரும் செய்யக் கூடாது. நானும் இப்போது வெளியே வேப்பமரத்தடியில்தான் செய்கிறேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருவதால் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் வெடிக்க வாய்ப்புண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே தொட்டுப் பாருங்கள். கசிவு உங்கள் வண்டியோடு நிற்காது. இரண்டு, மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்க்காதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷம் இருக்கிறது. மூன்று, கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்து, கழிவு ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள். தரையில் இருந்த என் கறையை மரத்தூள் போட்டு நானே தேய்த்துவிட்டேன் என்பதைச் செயலாளர் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போன பொங்கலுக்கு அதே திண்டிவனத்துக்கு அதே வண்டியில் இருவரும் போய் வந்தோம். மதுராந்தகத்தில் அந்தப் பஞ்சர் கடையில் நிறுத்தினேன். அவருக்கு எங்களை நினைவில்லை. மனைவி அவரிடம் சிவப்புக் கோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நம் குடியிருப்பில் தங்கள் வண்டியைத் தாங்களே பார்த்துக்கொள்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் மரத்தடியில் இருப்பேன். நீங்கள் முடித்த வேலையை நான் பார்க்கிறேன், நான் முடித்ததை நீங்கள் பாருங்கள். நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருகிறேன்.